பொக்லினின் "இறந்தோர் தீவு" பார்த்துக் கீறிப் பழகிறன்: சைப்பிரஸுக்குப் பதிலாப் பனை வைக்கலாமா?

துறையடித் தையல் (ஊர்காவற்துறை)

அர்னோல்ட் பொக்லின் எண்ட சுவிஸ் ஓவியரின்ர "இறந்தோர் தீவு" படத்தைப் பாத்துக் கீறத் தொடங்கியிருக்கிறன். படத்தைத் தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன். அசையாத கடல். நடுவில ஒரு பாறைத்தீவு, ரெண்டு பக்கமும் செங்குத்தா எழும்பி நிக்குது. பாறையில கல்லறைக்கு வெட்டின வாசல்கள். ரெண்டு பாறைக்கும் நடுவில கறுத்த சைப்பிரஸ் மரங்கள், நெருக்கி நெருக்கி. அந்த மரங்களை நோக்கி ஒரு சின்ன வள்ளம் போகுது. ஒராள் துடுப்புப் போடுறார். வள்ளத்தில ஒரு உருவம் உச்சியில இருந்து அடி மட்டும் வெள்ளை போர்த்துக்கொண்டு நிக்குது. அதுக்கு முன்னால வெள்ளைச் சீலை மூடின சவப்பெட்டி. முகம் ஒண்டும் தெரியாது.

நான் தையல் கடை வச்சிருக்கிறன். படம் கீறுறது பள்ளிக்கூடத்தோட நிண்டு போச்சு. போன வருசம் அப்பா மோசம் போனாப் பிறகுதான் திரும்பத் தொடங்கினனான். முறையாப் படிக்க இஞ்ச ஆக்கள் இல்லை. ஒரு பெரிய ஓவியரின்ர ஒரே படத்தை எடுத்து, விளங்கும் மட்டும் திரும்பத் திரும்பக் கீறினால் கை திருந்தும் எண்டு நினைக்கிறன்.

ஏன் இந்தப் படம் எண்டால், அந்த வெள்ளை உருவம். அப்பாவின்ர செத்தவீட்டில நாங்கள் பொம்பிளையள் படலையோட நிண்டிட்டம். எங்கட பக்கத்து வழக்கம் அது. பாடை ஒழுங்கை முடக்கில மறையும் மட்டும் பாத்துக்கொண்டு நிண்டு, பிறகு உள்ள வந்து வீடு கழுவினம். சுடலைக்குப் போனது தம்பியும் மற்ற ஆம்பிளையளும். இந்தப் படத்தில அந்த உருவம் பெட்டியோட கூடவே போகுது, அந்தக் கரை மட்டும். எனக்கு அது பெண்ணாத்தான் படுது. இதைப் பாத்த நாளில இருந்து வேற படம் எடுத்துக் கீற மனம் வரேல்லை.

என்னட்டை இருக்கிறது 18க்கு 24 அங்குல ஹாட்போட், வெள்ளை அடிச்சு அரத்தாள் போட்டுத் தேய்ச்சு வச்சிருக்கிறன். பெயின்ற் யாழ்ப்பாண ரவுணில வாங்கின அக்ரிலிக். ஒயில் பெயின்ற் எனக்குச் சரிவராது. கடையும் வீடும் ஒண்டு, ரேப்பன்ரைன் மணம் ஆக்களின்ர துணியில ஏறினால் பிறகு ஆர் வருவினம்?

அந்த உருவத்தின்ர துணி மட்டும் எனக்கு உடனே பிடிபட்டது. தோளில இருந்து நேரா விழுது, இடுப்பில கட்டு ஒண்டும் இல்லை. பாரமான துணி. வொயில் இப்பிடி விழாது. மற்றதெல்லாம் கஸ்ரமாக் கிடக்கு. வானத்தில ஒரு நிறத்தை இன்னொண்டோட சேர்க்க முதல் பெயின்ற் காய்ஞ்சு போகுது. மரங்களுக்குக் கறுப்பு ரியூப்பை எடுத்துப் பூசினால் மரமாத் தெரியேல்லை, பலகையில ஓட்டை விழுந்த மாதிரித் தெரியுது.

இதுகளை விடப் பெரிய கேள்வி ஒண்டு இருக்கு. நான் சைப்பிரஸ் மரத்தைக் கண்ணால கண்டதில்லை. எங்கட துறையில நிண்டால் எதிர்க்கக் கடற்கோட்டை தண்ணிக்குள்ள நிக்குது. காரைநகர்ப் பாதை (ஆக்களை ஏத்திற மிதவை) அதைத் தாண்டிப் போய் வருது. கரையில பனை. பாறைக்குப் பதிலாக் கடற்கோட்டை மதிலையும் சைப்பிரஸுக்குப் பதிலாப் பனையையும் வச்சுக் கீறினால் என்ன? இல்லாட்டி, பழகிற நேரத்தில மூலப்படத்தில கை வைக்கக் கூடாதோ?

---

ரைன்கரை (பாசல்)

சகோதரி, நீங்கள் எந்தப் படத்தைப் பாத்துக் கீறுறியள் எண்டதை முதல் சொல்லுங்கோ. பொக்லின் இதை 1880க்கும் 1886க்கும் இடையில அஞ்சு தரம் கீறினவர். முதலாவது நான் இருக்கிற பாசல் நகரத்தில, கலை அருங்காட்சியகத்தில இருக்கு. பொக்லின் பிறந்ததும் இந்த ஊரிலதான், 1827இல. ரெண்டாவது நியூயோர்க்கில. மூண்டாவது, 1883இல கீறினது, பெர்லினில. நாலாவது இரண்டாம் உலகப் போரில எரிஞ்சு போச்சு, கறுப்பு வெள்ளைப் படம் ஒண்டுதான் மிச்சம். அஞ்சாவது லைப்சிக்கில. இணையத்தில தேடினால் எல்லாம் ஒரே பேரில கலந்து வரும். பாசல் படம் இருண்டது, பொழுதுபட்ட நேரம் மாதிரி. பெர்லின் படத்தில வானம் வெளிச்சம், பாறை தெளிவு. வானத்தை ஒண்டில பாத்து மரத்தை மற்றதில பாத்தியள் எண்டால் படம் ஒத்து வராது.

அளவும் வேற வேற. பாசல் படம் 110.9க்கு 156.4 சென்ரிமீற்றர். கணக்குப் பாத்தால் கிட்டத்தட்ட ஏ4 தாளின்ர விகிதம், அதால ஏ4இல அச்செடுத்தால் ஓரம் வெட்டாமல் வரும். உங்கட 24 அங்குல அகலத்துக்கு உயரம் 17 அங்குலம் வேணும், பலகையில ஒரு அங்குலம் குறைச்சால் சரி. பெர்லின் படம் 80க்கு 150. அதை எடுத்தால் 24க்கு 13 அங்குலம்கூட வராது, நீட்டுப் படம்.

நான் வேலையால வந்து போற வழியில எத்தினையோ தரம் அதுக்கு முன்னால நிண்டிருக்கிறன். போன் திரையில தெரியாத ஒண்டு: அந்த வெள்ளை உருவம் அவ்வளவு பெரிய படத்துக்குள்ள எவ்வளவு சின்னன் எண்டது. தீவைப் பாத்து முடிஞ்சுதான் கண் அதுக்கு வரும். வந்தாப் பிறகு போகாது.

நீங்கள் அந்த உருவத்தைப் பற்றி எழுதினதால இதையும் சொல்ல வேணும். பொக்லின் முதல் கீறேக்க வள்ளத்தில அந்த உருவமும் இல்லை, பெட்டியும் இல்லை. 1880இல மாரி பெர்னா எண்ட ஒரு பெண் புளோரன்ஸில அவரின்ர வேலைக்கூடத்துக்கு வந்து, பாதியில நிண்ட இந்தப் படத்தைக் கண்டா. அவவின்ர புருசன் கனகாலத்துக்கு முதல் தொண்டை அடைப்பான் நோயில செத்துப் போனவர். தனக்கும் இப்பிடி ஒண்டு வேணும் எண்டு கேட்டா. அவவின்ர விருப்பப்படிதான் போர்த்த உருவத்தையும் பெட்டியையும் சேர்த்துக் கீறினார். பிறகு முதல் படத்திலயும் அதைச் சேர்த்தார். அவ வாங்கின அந்த ரெண்டாவது படம்தான் இப்ப நியூயோர்க்கில இருக்கு. ஒரு பெண் கேட்டுத்தான் அந்த உருவம் வள்ளத்தில ஏறினது.

---

மண்ணிறம் (மருதனார்மடம்)

அக்கா, பனையை வையுங்கோ. பொக்லினே தன்ர படத்தை ஒவ்வொரு தரமும் மாத்தினவர். இத்தாலியில சைப்பிரஸ் கல்லறைத் தோட்டத்து மரம். அங்க உள்ளவை அதைக் கண்டதும் விளங்கிக்கொள்ளுவினம். எங்கட சனத்துக்கு அது கிறிஸ்மஸ் மரம் மாதிரித்தான் தெரியும். குறியீடு எண்டது பாக்கிற ஆளின்ர நெஞ்சில ஏலவே இருக்கிற ஒண்டாலதான் வேலை செய்யும்.

வான்கோ 1889, 1890இல சென் ரெமி மனநல விடுதியில இருக்கேக்க பிரெஞ்சு ஓவியர் மிலேயின்ர படங்களை வச்சுக் கீறிப் பழகினவர். கையில இருந்தது கறுப்பு வெள்ளை அச்சுப் பிரதியள்தான். உருவத்தை எடுத்தார், நிறத்தைத் தானே போட்டார். பாத்துக் கீறுறது எண்டால் அடிமை வேலை இல்லை. நான் நுண்கலை படிக்கிறன், முதல் வருசம் முழுக்கப் பிரதி செய்தே சலிச்சுப் போன பெடியள் எங்கட வகுப்பில இருக்கினம். உங்களுக்குச் சொல்ல ஒரு விசயம் இருக்கு. அதை ஏன் தள்ளிப்போடுறியள்?

---

ஓய்வுபெற்ற சித்திரபாட ஆசிரியர் (அளவெட்டி)

பிள்ளை, தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நான் வேறு விதமாகச் சொல்வேன். பனையை வைக்கலாமா என்று கேட்பதற்கு முன், அந்தச் சைப்பிரஸ் மரங்கள் படத்தில் என்ன வேலை செய்கின்றன என்று பாருங்கள்.

ஒரு நாள் வண்ணத்தை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, பாசல் படத்தைக் கறுப்பு வெள்ளையில் ஏ4 தாளில் அச்செடுங்கள். சுவரில் ஒட்டி, தள்ளி நின்று, கண்ணை இடுக்கிக்கொண்டு பாருங்கள். விவரம் எல்லாம் மறைந்து மூன்று தொனிகள்தான் (இருட்டு, வெளிச்சத்தின் அளவுகள்) மிஞ்சும். நடுவில் கடும் இருட்டு. சுற்றிவர இடைத் தொனியில் பாறை, கடல், வானம். அந்த இருட்டுக்கு முன்னால் ஒரு துளி வெள்ளை. மரங்கள் இரண்டு பாறைகளுக்கு இடையிலுள்ள இடத்தை முழுதாக அடைத்து நிற்கின்றன. பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது. வெளிச்சம் ஒரு நூலளவும் ஊடுருவுவதில்லை. வள்ளம் போகும் இடம் அது. போகிறவர் உள்ளே போவார், நாங்கள் வெளியே நிற்போம். மற்றது, அந்த மரங்களும் நிற்கும் உருவமும் ஒரே நிலைக்கோடுகள். வள்ளமும் கடலும் கிடைக்கோடுகள். உருவம் ஏற்கனவே அந்த மரங்களுக்குச் சொந்தமானது போல் தோன்றுவதற்கு இதுதான் காரணம்.

இப்போது பனையை அங்கே வையுங்கள். பனை அழகான மரம், ஆனால் அதன் அடிமரங்களுக்கிடையே வானம் தெரியும். தலை மட்டும்தான் இருட்டு. பத்துப் பனையை நெருக்கி வைத்தாலும் கோடு கோடாக வெளிச்சம் வந்துவிடும். அடைத்து நின்ற இடம் திறந்துவிடும். பின்னால் அடுத்த ஊர் இருக்கிறது என்று பார்ப்பவருக்குத் தோன்றும். காரைநகர்க் கரையில் நிற்கும் சவுக்கும் அப்படித்தான், தூரத்தில் கருமையாகத் தெரிந்தாலும் ஊசியிலைக்குள்ளால் வெளிச்சம் கசியும். ஆகவே மரத்தை மாற்றினால் படத்தின் நடுப்பகுதி முழுவதையும் புதிதாகக் கட்ட வேண்டும். அது செய்யக்கூடாத வேலை அல்ல. மூலத்தை ஒருமுறை கையால் கட்டிப் பார்த்தவருக்குத்தான் அது சுலபம்.

ஆகையால் முதற் பலகையில் பொக்லின் வைத்ததை வைத்தபடியே வையுங்கள். கட்டம் போட்டு அச்சிலிருந்து பலகைக்கு எடுத்துக் கீறுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. இடையிடையே அச்சுப் பிரதியையும் உங்கள் பலகையையும் தலைகீழாக வைத்துப் பாருங்கள், சாய்ந்த கோடு உடனே தெரியும். ஜெர்மன் ஓவியர் மாக்ஸ் கிளிங்கர் 1890இல் இந்தப் படத்தைச் செதுக்கு அச்சாகச் செய்தார். அது இணையத்தில் கிடைக்கும். வண்ணமே இல்லாமல் அவர் அந்த மரத்தொகுதியை எப்படிக் கொண்டுவந்தார் என்று உருப்பெருக்கிப் பாருங்கள். நான் படிப்பித்த காலத்தில் மாணவர்களுக்கு அச்சுப் பிரதிகளைத்தான் முதலில் கொடுப்பேன். வண்ணம் கண்ணை மயக்கும்.

இனி உங்கள் மற்றச் சிக்கல்கள். கறுப்பு ரியூப்பை மூடி வையுங்கள். அல்ட்ராமரின் நீலத்தையும் சுட்ட அம்பர் மண்ணிறத்தையும் கலந்தால் கறுப்பை நெருங்கிய ஓர் இருட்டு வரும். நீலம் கூடினால் குளிர்ந்த இருட்டு, மண்ணிறம் கூடினால் சூடான இருட்டு. மரங்களின் உள்ளே ஒன்று, ஓரத்தில் மற்றது என்று மாறி மாறி வைத்தால் மரம் மூச்சு விடும். அக்ரிலிக் காயும்போது ஒரு படி இருளும், ஆகவே நினைத்ததை விடச் சற்று வெளிச்சமாகவே கலவுங்கள். மரங்களின் உச்சி வானத்தைத் தொடும் ஓரத்தைக் கூராக வெட்டாதீர்கள். ஈரத் தூரிகையால் மெல்லக் கரைத்துவிடுங்கள். கூர்மையான ஓரம் படத்தில் ஒன்றிரண்டு போதும். அவற்றை அந்த வெள்ளை உருவத்துக்கு வைத்திருங்கள்.

காய்கிற பிரச்சினைக்கு ஒரு பிஸ்கற் ரின் எடுங்கள். அடியில் ஈரத்துணி, அதன்மேல் கேக் வேகவைக்கும் தாள், அதன்மேல் பெயின்ற். மூடி வைத்தால் அடுத்த நாளும் காயாது. வானத்துக்கு முதலில் பலகையில் மெல்லத் தண்ணீர் தெளித்து, காற்றாடியை நிறுத்திவிட்டு, அகலத் தூரிகையால் ஒரே மூச்சில் பூசுங்கள். யாழ்ப்பாணத்து மத்தியான வெயிலில் இது சரிவராது. விடியப்புறம் செய்யுங்கள்.

ஹாட்போட் என்று குறைவாக எண்ண வேண்டாம். நியூயோர்க்கில் உள்ள பொக்லின் படமும் பலகையில் தீட்டியதுதான்.

---

துறையடித் தையல்

சேர், நீங்கள் சொன்ன மாதிரி கறுப்பு வெள்ளையில அச்செடுத்துப் பாத்தன். மரத்தின்ர வேலை என்னெண்டு அப்பத்தான் விளங்கினது. முதல் பலகை பாசல் படம்தான், ஒண்டையும் மாத்தாமல். இருட்டுக்கு நீலமும் மண்ணிறமும் கலந்து வச்சுப் பாத்தன், ஓட்டை விழுந்த மாதிரித் தெரியிறது நிண்டிட்டுது. பாசல் அண்ணா சொன்ன அந்தப் பெண்ணின்ர கதையை வாசிச்சிட்டுக் கனநேரம் மெசினில இருந்து ஒண்டும் தைக்கேல்லை. தெரியாத ஊரில, தெரியாத பாசையில, ஒரு மனுசி இதைக் கேட்டு வாங்கியிருக்கிறா.

ஆனால் பனையை நான் விடேல்லை. சேர் சொல்லுற பனை, ஓலை வெட்டின பனை. எங்கட தீவுப்பக்கம் ஆக்கள் விட்டிட்டுப் போன காணியள் கனக்க இருக்கு. அங்க பனைக்கு ஏறவோ ஓலை வெட்டவோ ஆள் இல்லை. காவோலை விழாமல் மரத்தைச் சுத்தித் தொங்கும். வருசம் வருசமாத் தொங்கித் தொங்கி, வட்டுக்குக் கீழ அடிமரமே தெரியாமல் மூடிப்போடும். அடியில வடலி முளைச்சு நிலத்தோட பத்தையா நிக்கும். அப்பிடி ஒரு பனங்கூடலுக்குள்ளால பாத்தால் வானம் தெரியாது. நேற்றுக் கடை பூட்டிப் போட்டுச் சைக்கிளில போய், பொழுதுபடேக்க ஒரு காணிக்கு முன்னால நிண்டு பாத்தனான். மரம் ஒவ்வொண்டும் மேல இருந்து கீழ மட்டும் ஒரே தடிப்பில கறுப்பா நிக்குது. போனில படம் எடுத்துக் கறுப்பு வெள்ளை ஆக்கிப் பாத்தன். நடு அடைச்சுத்தான் கிடக்கு.

இதை ரெண்டாவது பலகைக்கு வைக்கலாம் எண்டு நினைக்கிறன். எங்கட ஊரில ஆக்கள் இல்லாத காணிக்கு அடையாளம் அந்தப் பனைதான். ஒருத்தருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. கடற்கோட்டையை விடுறன். அது கடற்படையின்ர விடுதியா இருக்கு, ராவில லைற் எரியுது, அதைப் பாத்தால் சுடலை எண்டு ஆரும் நினைக்க மாட்டினம்.

---

மண்ணிறம்

அக்கா, காவோலைப் பனை நான் யோசிக்காத ஒண்டு. சேர் சொன்னதையும் ஏற்கிறன், வெளிச்சம் ஊடுருவுற விசயம் எனக்குப் படேல்லை. அந்தப் போன் படத்தை இஞ்ச போடுங்கோ.

---

ஓய்வுபெற்ற சித்திரபாட ஆசிரியர்

நல்ல கண் பிள்ளை. அளவெட்டியில் பனை ஓலை வெட்டியபடியே நிற்கும், அதனால் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். காவோலை சாம்பல் கலந்த மண்ணிறம். முன்னால் இருந்து வெளிச்சம் பட்டால் அது பாறையின் தொனிக்கு வந்துவிடும், இருட்டாக நிற்காது. நீங்கள் பார்த்தது பொழுதுபடும் நேரம், சூரியன் மரத்துக்குப் பின்னால். படத்திலும் வெளிச்சத்தைப் பின்னாலிருந்தே கொண்டுவர வேண்டும். அப்படியானால் பாறையின் முன்பக்கமும் நிழலாகும், பொக்லினின் பாறை போல் வெளிச்சம் வாங்காது. பாறையை எந்தத் தொனியில் வைப்பது என்பதுதான் இரண்டாவது பலகையின் உண்மையான வேலை. வண்ணம் தொடுமுன் உள்ளங்கையளவு தாளில் கரியால் நாலைந்து சின்னப் படங்கள் கீறிப் பாருங்கள். ஒன்றில் பாறை இடைத் தொனி, ஒன்றில் இருட்டு, ஒன்றில் பாறையே இல்லாமல் வெறும் கரை. எதில் அந்த வெள்ளை உருவம் தனித்து நிற்கிறதோ அதை எடுங்கள்.

பலகையின் பின்பக்கத்துக்கும் நான்கு ஓரத்துக்கும் வெள்ளை அடித்தீர்களா? ஊர்காவற்துறைக் காற்றில் உப்பும் ஈரமும் கூட. ஹாட்போட் ஓரத்தால்தான் ஈரத்தை உறிஞ்சி வளையும். முன்பக்கம் மட்டும் பூசியிருந்தால் மாரி தொடங்கமுன் மற்றப் பக்கத்தையும் இரண்டு பூச்சு பூசிவிடுங்கள். கழிவுத் துண்டு ஒன்றில் முதலில் செய்து பார்க்கலாம்.

---

துறையடித் தையல்

பின்பக்கம் பூசேல்லை சேர். நாளைக்கே பூசுறன். கரியில கீறின சின்னப் படங்களை ஞாயிற்றுக்கிழமை போடுறன், எது எண்டு எல்லாரும் சொல்லுங்கோ. பாசல் அண்ணா, அடுத்த முறை போகேக்க ஒண்டு பாத்துச் சொல்லுவியளே? அந்த உருவத்தின்ர வெள்ளையும் பெட்டியில மூடின சீலையின்ர வெள்ளையும் ஒரே வெள்ளையோ, இல்லாட்டி ஒண்டு மஞ்சள் பிடிச்சதோ? என்ர அச்சில ரெண்டும் ஒண்டாத்தான் கிடக்கு. துணி எண்டால் அப்பிடி இராது.